மன்னிச்சிட்டேன், கேஸு நடக்கட்டும்

என் மாமா சாலை விபத்தில் இறந்தபோது நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு அத்தையோடு பைக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தார். எதிரே தப்பான பக்கத்தில் வந்த வேன் மோதியது. ஓட்டியவன் குடித்திருந்தான். வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து பார்த்துவிட்டு ஓடிவிட்டான். "இறங்கிப் பார்த்துட்டுப் போனான்" என்பதைத்தான் அத்தை திரும்பத் திரும்பச் சொன்னார். கை முறிந்து ரோட்டோரம் கிடந்த அத்தையை அவன் பார்த்தான், அத்தையும் அவனைப் பார்த்தார். வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சி அவர் ஒருவர்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் சேகரத்து ஐயரையும் கூட்டி வந்திருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த அம்மா அத்தையின் காலில் விழப்போனார். அத்தை பிடித்து நிறுத்தி உட்காரவைத்தார். ஐயர் ஜெபம் பண்ணினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. கோர்ட்டுல மட்டும், இருட்டா இருந்துச்சு, ஆளு சரியா ஞாவகம் இல்லைன்னு சொல்லிருங்க. அவனை வச்சுத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது."

அத்தை கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "உங்க மகனை நான் மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. தினம் ஜெபத்துல அவன் பேரையும் சொல்லத்தான் செய்றேன். ஆனா கேஸு நடக்கட்டும். நான் பார்த்ததைப் பார்த்தேன்னுதான் சொல்வேன்."

அவர்கள் போன பிறகு பெரியப்பா சத்தமாகவே கேட்டார். "இது என்ன மன்னிப்பு? மன்னிச்சிட்டா விட்டுரணும். விடலைன்னா மன்னிக்கலைன்னு அர்த்தம்." எனக்கும் அன்றைக்கு அதுதான் சரியென்று பட்டது. ஒரு ஸ்விட்ச் ஆனில் இருக்கும், இல்லையென்றால் ஆஃபில் இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும்?

அந்தக் கேள்வி பல வருஷம் என்னோடேயே கிடந்தது. ஞாயிறு பாடசாலையில் வளர்ந்தவன் என்பதால், மன்னிப்பைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லித்தந்திருந்தார்கள். தண்டனை எதற்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

*

அத்தை சொன்ன அதையே நாடு முழுக்கக் கேட்கும்படி சொன்ன இன்னொரு பெண் உண்டு. 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்ன மகன்களையும் ஒரு கும்பல் வண்டியோடு எரித்துக் கொன்றது. ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியர். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்தை நடத்திவந்தவர். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். இந்தியாவை விட்டு உடனே போய்விடாமல், தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த மன்னிப்பை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கூடவே அவர் சொன்ன இன்னொன்று அவ்வளவாக நினைவில் இல்லை. மன்னிப்பையும் குற்றத்தின் விளைவுகளையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் அவர் சொன்னார். முக்கியக் குற்றவாளியான தாரா சிங்குக்கு 2003இல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005இல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையையே உறுதிசெய்தது. இத்தனைக்கும் நடுவே கிளாடிஸின் மன்னிப்பு அப்படியே இருந்தது. அது வழக்கை நிறுத்தவில்லை, வழக்கும் அதைப் பொய்யாக்கவில்லை.

பெரியப்பாவின் கேள்வியை கிளாடிஸிடமும் கேட்கலாம். இரண்டு பேரும் ஒரே பைபிளைப் படித்தவர்கள். அப்படியென்றால் அதிலேயே ஏதோ இருக்க வேண்டும்.

*

இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு இருக்கிறது. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 12ஆம் அதிகாரம் முடியும் இடத்தில், பழிவாங்குவது உங்கள் வேலை இல்லை, அதைக் கடவுளிடம் விடுங்கள், எதிரிக்குப் பசித்தால் சாப்பாடு போடுங்கள் என்கிறார் பவுல். 13ஆம் அதிகாரம் தொடங்கியதும், ஆட்சியாளன் கையில் வாள் சும்மா இல்லை, தப்புச் செய்தவனைத் தண்டிக்கக் கடவுள் வைத்த ஆள் அவன் என்கிறார். அதிகாரப் பிரிவுகள் பவுல் போட்டவை அல்ல, பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. அவர் இதை ஒரே மூச்சில்தான் எழுதியிருக்கிறார்.

லூத்தர் உட்படப் பலர் இதை ஒரு பாகப் பிரிவினையாகப் படித்தார்கள். தனி ஆள் மன்னிக்கட்டும், அரசு தண்டிக்கட்டும். அத்தைக்கு ஒரு வேலை, ஜட்ஜுக்கு ஒரு வேலை. சௌகரியமான பதில்தான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. யார் தண்டிக்கலாம் என்பதை இது சொல்கிறது, எதற்காக என்பதைச் சொல்வதில்லை. சாட்சிக் கூண்டில் ஏறும்போது என் அத்தை எந்தப் பக்கத்து ஆள்?

எதற்காக என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். மற்றவர்கள் பயப்படுவதற்காக. செய்தவன் திருந்துவதற்காக. செய்ததற்கு உரியது அவனுக்குக் கிடைப்பதற்காக. மூன்றையுமே கிறிஸ்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்றுக்கும் வசனம் காட்ட முடியும்.

முதல் பதிலுக்கு உபாகமத்தில் ஆதாரம் உண்டு. தண்டனையை மற்றவர்கள் கேட்டுப் பயப்பட வேண்டும் என்று அது பல இடங்களில் சொல்கிறது. ஆனால் யோவான் எழுதிய சுவிசேஷத்தில், ஊர் அழியாமல் இருக்க ஒருத்தன் சாவது நமக்கு நல்லதுதானே என்று கணக்குப் போட்டுச் சொல்பவன் ஒருவன் இருக்கிறான். பிரதான ஆசாரியன் காய்பா. அவன் பேசுவது இயேசுவைப் பற்றி. பயமுறுத்துவது மட்டுமே தண்டனையின் நோக்கம் என்றால், தண்டிக்கப்படுபவன் குற்றவாளியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஊர் அவனைக் குற்றவாளி என்று நம்பினால் போதும். சிலுவையை நடுவில் வைத்துக் கும்பிடும் ஒரு மதம் காய்பாவின் கணக்கைக் கேட்டுக் கொஞ்சமாவது கூச வேண்டும்.

*

திருத்துவதற்காக என்ற பதில் கேட்க இதமாக இருக்கிறது. படித்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் பல வருஷம் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். என்னை வெளியே கொண்டுவந்தது ஒரு ஜெயில்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1829இல் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை திறக்கப்பட்டது. அதன் பின்னால் குவேக்கர்களின் சிந்தனை இருந்தது. குவேக்கர்கள் மௌனமாக உட்கார்ந்து வழிபடுபவர்கள், சாட்டையடியையும் தூக்கையும் வெறுத்தவர்கள். மனிதனைத் தனிமையில் விட்டால் அவனுடைய மனசாட்சி பேசும், அவன் மனந்திரும்புவான் என்று நம்பினார்கள். இவ்வகைச் சிறைக்கு ஆங்கிலத்தில் உள்ள 'பெனிடென்ஷரி' என்ற பெயரே மனந்திரும்புதலுக்கான சொல்லில் இருந்து வந்ததுதான். ஆளுக்கு ஒரு அறை, மேலே வானம் தெரிய ஒரு சின்னத் திறப்பு, ஒரு பைபிள், கைவேலை. நடக்க, தனித்தனியாக மதில் வைத்த சின்ன முற்றம். அறையை விட்டு வெளியே கொண்டுபோனால் தலையில் முகமூடி. பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. அடி இல்லாத, சங்கிலி இல்லாத சிறை என்பதுதான் யோசனை.

1842இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அதைப் போய்ப் பார்த்தார். இதை அமைத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்கிறார்கள், ஆனால் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை என்ற பொருளில் எழுதினார். மூளையோடு மெல்ல மெல்ல விளையாடும் இந்தத் தண்டனை, உடம்பை வதைப்பதைவிடக் கொடுமை என்பது அவருடைய முடிவு. அதன் காயம் தோலில் தெரியாது என்பதால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

அங்கே எங்கே தப்பு நடந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அன்பு இருந்தது, விசுவாசமும் இருந்தது. மனந்திரும்புதலை ஒரு விளைபொருளாகவும், தனிமையை அதைத் தயாரிக்கும் இயந்திரமாகவும் நினைத்ததுதான் தப்பு. சரியான இன்புட் கொடுத்தால் சரியான அவுட்புட் வரும் என்ற நம்பிக்கை அது. என் தொழிலில் தினமும் செய்யும் தப்பு என்பதால் எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

சி. எஸ். லூயிஸ் 1949இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே இடத்தில் கை வைத்தார். தண்டனையை வெறும் சிகிச்சையாக மாற்றிவிட்டால், 'இவனுக்கு இது தகுமா' என்ற கேள்வியே போய்விடும் என்பது அவர் வாதம். நோயாளியிடம் யாரும் 'உனக்கு மூன்று வருஷம்தான் தகும்' என்று சொல்வதில்லை. குணமாகும்வரை இரு என்பார்கள். குணமாகிவிட்டதா என்பதையும் டாக்டர்தான் சொல்வார். தகுதி என்ற சொல் கடுமையாகக் கேட்கிறது, ஆனால் அதற்குள்தான் அளவு இருக்கிறது. 'உனக்கு இது தகும்' என்பதற்குள் 'இதற்கு மேல் தகாது' என்பதும் இருக்கிறது.

கண்ணுக்குக் கண் என்ற பழைய சட்டத்தையும் இப்படிப் படிக்கலாம். ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் லாமேக் என்று ஒருவன் வருகிறான். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு, எனக்காக எழுபத்தேழு மடங்கு பழி என்று மனைவிகளிடம் பெருமை பேசுகிறான். அவனுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால், கண்ணுக்கு ஒரு கண் மட்டும்தான் என்பது ஒரு கடிவாளம். பின்னால் பேதுரு, எத்தனை தடவை மன்னிக்க வேண்டும், ஏழு தடவை போதுமா என்று கேட்கும்போது, இயேசு லாமேக்கின் கணக்கைத் தலைகீழாக்குவதுபோல் ஏழையும் எழுபதையும் சேர்த்துப் பதில் சொல்கிறார். பழிக்கு அளவு வேண்டும், மன்னிப்புக்கு அளவு வேண்டாம். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் புத்தகம் வைத்திருக்கிறது.

*

அளவு சரி. அளவுக்குள் என்ன நடக்க வேண்டும்? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் 1,600 வருஷம் பழைய ஒரு கடிதத்தில் இருக்கிறது.

கி.பி. 411, 412 வாக்கில் வட ஆப்பிரிக்காவில் கத்தோலிக்கர்களுக்கும் தொனாட்டியர்கள் என்ற பிரிவினருக்கும் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. தொனாட்டியர்கள் சிலர், ரெஸ்டிடூடஸ் என்ற கத்தோலிக்கக் குருவைக் கொன்றார்கள். இன்னொசென்ட்டியஸ் என்ற இன்னொரு குருவின் கண்ணைத் தோண்டி விரலை வெட்டினார்கள். பிடிபட்டு ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மார்செலீனஸ் என்ற ரோம அதிகாரி, அவரும் கிறிஸ்தவர். ஹிப்போவின் பிஷப் அகஸ்டின் அவருக்கு எழுதினார். கொல்லப்பட்டவரும் ஊனமாக்கப்பட்டவரும் அகஸ்டினுடைய ஆட்கள்.

அவர் கேட்டது இதுதான். அவர்கள் செய்ததையே அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டாம். அதற்காக விட்டுவிடவும் வேண்டாம், இன்னொருவருக்குத் தீங்கு செய்யும் சுதந்திரம் அவர்களுக்கு இருக்கக் கூடாது. உயிரோடும் முழு உடம்போடும் வைத்து ஏதாவது பயனுள்ள வேலையில் போடுங்கள். மனந்திரும்பக் காலம் கொடுங்கள்.

காலம் என்ற இந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். திருத்திக் காட்டுங்கள் என்று அகஸ்டின் கேட்கவில்லை. திருந்துவதற்கான இடத்தை மூடாதீர்கள் என்று கேட்டார். ஃபிலடெல்ஃபியா செய்ய முயன்றதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

அகஸ்டினைச் சுத்தமான ஆளாக நான் காட்டவில்லை. அதே கடிதத்தில், சித்திரவதைக் கருவிகளைப் பயன்படுத்தாமல் பிரம்பால் அடித்து மட்டுமே வாக்குமூலம் வாங்கியதற்காக மார்செலீனஸைப் பாராட்டுகிறார். இதே அகஸ்டின்தான் தொனாட்டியர்களைச் சபைக்குக் கொண்டுவர அரசின் பலவந்தத்தை நியாயப்படுத்தினார், அன்பினால்தான் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே. பிறகு வந்த பல நூற்றாண்டுக் கொடுமைகளுக்கு அந்த வாதம் பயன்பட்டது. 'உன் நன்மைக்காக' என்பது எவ்வளவு ஆபத்தான சொல் என்பதை இவரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். கடிதம் வாங்கிய மார்செலீனஸின் கதை இன்னும் சோகம். 413இல் ஒரு கலகத்தோடு தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்து அவரையே கொன்றுபோட்டார்கள். அகஸ்டின் எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. காலம் கொடுங்கள் என்று எழுதி வாங்கியவருக்கே காலம் கிடைக்கவில்லை.

*

மரண தண்டனையை ஆதரித்த கிறிஸ்தவர்கள் இந்தக் காலம் என்ற விஷயத்தை யோசிக்காதவர்கள் அல்ல. தாமஸ் அக்வினாஸ், அழுகிய உறுப்பை வெட்டி உடம்பைக் காப்பாற்றுவதோடு குற்றவாளியின் மரணத்தை ஒப்பிட்டார். சாகும் நேரத்திலும் அவன் மனந்திரும்பலாம், அப்போதும் திரும்பாதவன் இனி எப்போதும் திரும்பப்போவதில்லை என்று கருதலாம் என்றும் எழுதினார். சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்வனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதுமானதாக இருந்ததே என்று கேட்பார்கள்.

அந்தக் கள்வனை நானும் நினைத்துக்கொள்வேன். 'நமக்கு இது தகும், இவர் ஒரு தப்பும் செய்யவில்லை' என்று அவன் சொல்கிறான். பரதீசு கிடைக்கிறது. ஆனால் சிலுவையிலிருந்து யாரும் அவனை இறக்கிவிடவில்லை. மன்னிப்பும் தண்டனையும் ஒரே உடம்பில், ஒரே பிற்பகலில். பெரியப்பாவின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. ஆனால் அவன் தண்டனைக்குச் சம்மதித்ததால் அவனை அறைந்த ரோமாபுரி நியாயமானதாகிவிடாது. அதே கை, அதே ஆணிகளை, குற்றமில்லாதவன்மீதும் அடித்தது.

1998 பிப்ரவரி 3ஆம் தேதி டெக்சஸில் கார்லா ஃபே டக்கர் என்ற பெண்ணுக்கு விஷ ஊசி போட்டார்கள். 1983இல் இரண்டு பேரைப் பிக்காசால் கொன்ற வழக்கு. சிறையில் அவர் கிறிஸ்தவரானார். மரண தண்டனையை ஆதரித்துவந்த பிரசங்கி பேட் ராபர்ட்சன்கூட அவர் உயிருக்காகப் பேசினார். கொல்லப்பட்ட பெண்ணின் சகோதரர் கார்லாவை மன்னித்து அவர் பக்கம் நின்றார். அந்தப் பெண்ணின் கணவரோ தண்டனை நிறைவேற வேண்டும் என்றார். ஆளுநர் ஜார்ஜ் புஷ், அவரும் பக்தியுள்ள கிறிஸ்தவர், கருணை காட்ட மறுத்தார்.

அவர் மாறிவிட்டார், அதனால் விடுங்கள் என்ற வாதம் மனதைத் தொடுகிறது. யோசித்தால் பயமாக இருக்கிறது. அப்படியென்றால் மாறாதவனைக் கொல்லலாமா? மாறியும் அதை டிவி கேமரா முன்னால் அழகாகச் சொல்லத் தெரியாதவன்? மனந்திரும்புதலை உயிர்வாழ்வதற்கான நுழைவுத் தேர்வாக்கினால், விடைத்தாள் திருத்துவது அரசு. சிறை அதிகாரியால் நடத்தையைப் பதிவுசெய்ய முடியும், இதயத்தை அல்ல. ஸ்டெயின்ஸ் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற இன்னொருவர் 2025 ஏப்ரலில் நன்னடத்தையின் பேரில் விடுதலையானார். அரசின் கையில் இருப்பது நன்னடத்தை என்ற அளவுகோல்தான். அதற்கு மேல் அளக்கப் புறப்பட்டால் அது ஃபிலடெல்ஃபியாவில் போய் முடியும்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த இடத்துக்கு வந்துசேர வெகுகாலம் ஆனது. 2018இல் போப் ஃபிரான்சிஸ், மரண தண்டனையை ஏற்க முடியாது என்று மறைக்கல்வி நூலைத் திருத்தினார். எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் மனிதனின் மாண்பு போவதில்லை, மீளும் வாய்ப்பை ஒருவரிடமிருந்து ஒரேயடியாகப் பறிக்காமலே மக்களைப் பாதுகாக்க முடியும் என்பவை அதில் உள்ள காரணங்கள். மாறியவருக்கு மட்டும் என்று அதில் இல்லை. எல்லாருக்கும் என்று இருக்கிறது.

*

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு இப்போது தோன்றுவது இவ்வளவுதான். தண்டனை என்பது செய்தவனிடம், அவன் முகத்தைப் பார்த்து, நீ செய்தது இது என்று சொல்வது. அதற்கு ஒரு அளவு வைப்பது. அவன் பதில் சொல்லக் காலம் விடுவது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு எதுவோ ஆகிவிடுகிறது. நம் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். நீ செய்தது இது என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை, அளவும் சொல்லவில்லை. வெறும் காலம் மட்டும் கழிகிறது. எந்தக் கிறிஸ்தவக் கொள்கையிலும், மற்ற எந்தக் கொள்கையிலும் அதற்குத் தண்டனை என்று பெயர் கிடையாது.

அத்தையின் வழக்கு முடிய நான்கு வருஷம் ஆனது. அவர் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. எங்கள் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. தண்டனை முடிந்து அவன் வெளியே வந்து இப்போது வெகுநாள் ஆகிறது.

போன மாதம் போனில் பேசும்போது, அன்றைக்குப் பெரியப்பா கேட்டதை அத்தையிடம் நான் கேட்டேன். மன்னிச்ச பிறகு எதுக்கு அத்தை சாட்சி சொன்னீங்க?

"ஞாவகம் இல்லைன்னு நான் சொல்லிட்டா, அப்புறம் நான் எதைய்யா மன்னிச்சேன்? அவன் இறங்கிப் பார்த்தது இல்லைன்னு ஆயிரும்லா?"

அவன் எப்போதாவது வந்து ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.

"இல்லைய்யா. அவங்கம்மாதான் அன்னைக்கு வந்தாங்க. அவன் ஒண்ணும் சொல்லலை." கொஞ்சம் நிறுத்தி, "உயிரோடதான இருக்கான். சொல்லுவான்" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.